விடியுமுன் எழுப்பும் பூனை

பெப்போ என்பது ஒரு பூனையின் பெயர். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் என்பவரின் வீட்டில் வளர்ந்தது. மெக்கோம்ப் ஆப்பிரிக்க யானைகளின் குரல்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். காலையில் பசியெடுத்துவிட்டால் பெப்போ அவர் பக்கத்தில் வந்து குர்ர்ர் என்று விடாமல் ஒலியெழுப்பும். மடியில் படுத்திருக்கும்போது வரும் அதே மாதிரியான ஓசைதான். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு தூங்க அவரால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்தவர், கடைசியில் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார்.

பத்துப் பூனைகளின் குரல்கள் பதிவு செய்யப்பட்டன: சாப்பாடு கேட்கும்போது எழும் குர்ர், சும்மா சுகமாக இருக்கும்போது எழும் குர்ர். இரண்டையும் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பூனையே வளர்த்திராதவர்களுக்குக்கூட முதல் வகை அவசரமானதாகவும் காதை உறுத்துவதாகவும் பட்டது. தாழ்ந்த அந்த ஓசைக்குள் உச்சத்தில் ஓர் அழுகைக் குரல் ஒளிந்திருந்தது. அதன் அதிர்வெண் கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. கணினியில் அந்தக் குரலை மட்டும் நீக்கிவிட்டுப் போட்டபோது கேட்டவர்களின் பதற்றமும் குறைந்தது. 2009-இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் இது வெளியானது. தனியாக ஒருவரோடு நெருங்கி வாழும் பூனைகளிடம்தான் இந்தக் குரல் அதிகம் என்பதும் ஆய்வாளர்களின் கவனிப்பு. சந்தடி மிகுந்த வீடுகளில் பூனைகள் நேராக மியாவ் என்று கத்திவிடுகின்றன.

ஆக, விடியற்காலையில் எழுப்பும் பூனை ஏதோ தற்செயலாகச் சத்தம் போடவில்லை. எந்தச் சத்தத்துக்கு ஆள் எழுவார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

பூனை ராத்திரிப் பிராணி, அதன் குணமே அப்படி, என்ன செய்ய முடியும் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் பூனை அதிகம் நடமாடும் வேளைகள் அந்தியும் விடியலும்தான். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பதை 2007-இல் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. எலிகளும் சிறு பறவைகளும் வெளிவரும் மங்கிய வெளிச்ச நேரமே அதன் வேட்டை நேரம். மனிதக் கண்ணுக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். பகலில் வெயில் ஏறியபின் கிடைக்கிற நிழலில் சுருண்டு, ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை தூங்கி முடித்துவிடுகிறது.

வயிற்றின் கணக்கும் இதற்குத் துணை. ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறக்குறைய 30 கலோரி. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். அப்படியானால் ஏழெட்டு எலிகள், ஏழெட்டு வேளை. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை உண்ணும்படி அமைந்த உடலுக்கு, மாலை ஆறு மணிக்கு ஒரு தட்டு வைத்துவிட்டு மறுநாள் காலை ஏழு மணிவரை பொறுத்திரு என்றால் எப்படிப் பொறுக்கும்?

இயற்கை இப்படி இருந்தாலும் அதை வளைக்க முடியும். இத்தாலியில் மெசினா பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பூனைகளை இரு குழுவாகப் பிரித்துக் கவனித்தார்கள். முதல் குழு வீட்டுக்குள் வளர்ப்பவர்களோடு நெருங்கி இருந்தது. இரண்டாவது குழுவுக்குப் பெரிய இடம். இரவில் வெளியே விடப்பட்டது. முதல் குழுவின் நடமாட்டம் வீட்டாரின் பகல் வாழ்க்கையோடு ஒத்துப்போனது. இரண்டாவது குழு இரவில் அதிகம் உலவியது. நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்பு பூனைக்கு ராத்திரி இடம் கொல்லையும் ஓட்டுக்கூரையும்தான். அதன் இரவு வீட்டாருக்குத் தெரியாமலே போயிற்று. இன்று இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில், வலையடித்த பால்கனிக்குள் வளரும் பூனையின் இரவு முழுவதும் மனிதர்களின் இரவோடு மோதுகிறது. அதே நெருக்கத்தைப் பயன்படுத்தித்தான் அதை மாற்றவும் முடியும்.

பூனை எப்படிக் கற்கிறது என்பதை முதலில் அளந்து பார்த்தவர் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்கர். 1898-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. மரச் சட்டங்களால் தானே கூண்டுகள் செய்தார். பசித்த பூனையை உள்ளே விட்டு, வெளியே மீன் துண்டை வைத்தார். கதவு திறக்க ஒரு கயிற்று வளையத்தை இழுக்க வேண்டும். அல்லது ஒரு தாழ்ப்பாளைத் தட்ட வேண்டும். பூனை முதலில் கம்பிகளைக் கடிக்கும், பிறாண்டும், கத்தும். தற்செயலாக வளையத்தில் கால் பட்டுக் கதவு திறந்துவிடும். அடுத்தடுத்த முறைகளில் வீண் வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நிமிடக் கணக்கில் ஆனது சில வினாடிகளாகக் குறைந்தது. இன்னொரு கூண்டில், பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டால் தார்ண்டைக் கதவைத் திறந்துவிட்டார். நக்குவதற்கும் கதவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தக் கூண்டில் விட்டதும் பூனைகள் நக்கத் தொடங்கின.

மேசையிலிருந்து டம்ளரைத் தள்ளிவிடும் பூனையும், தூங்குபவரின் மூக்கைக் காலால் தொடும் பூனையும், அலமாரிக் கதவைப் பிறாண்டும் பூனையும் இந்த வழியில்தான் தேறியிருக்கின்றன. பத்து வேலைகள் செய்து பார்த்ததில் ஒன்றுக்கு ஆள் எழுந்தார். மறுநாள் அந்த ஒன்று முதலில் வருகிறது. எழுந்தவர் சாப்பாடு வைத்தாரா, தடவிக்கொடுத்தாரா, திட்டினாரா என்பதில்கூடப் பெரிய வேறுபாடு கிடையாது. தனிமையில் கிடந்த பூனைக்குத் திட்டும் ஒரு துணைதான்.

இங்கே கூட்டுக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அப்பா உறுதியாக இருப்பார், மகள் காதில் தலையணையை வைத்துக்கொள்வாள், நான்காம் நாள் பாட்டி மனம் கேட்காமல் எழுந்து ஒரு பிடி தீவனம் போட்டுவிடுவார். எப்போதாவது கிடைக்கும் வெகுமதி, எப்போதும் கிடைக்கும் வெகுமதியைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் விரிவாக எழுதிவைத்தார்கள். அதனால் முதல் வேலை, வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி ஒரே முடிவுக்கு வருவது.

முடிவு இதுதான்: பூனை எழுப்பியதால் சாப்பாடு வந்தது என்ற தொடர்பு அறுபட வேண்டும். நேரம் குறித்துவைத்தால் தானே திறக்கும் தீவனப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. பூனை வழக்கமாக எழுப்பும் நேரத்துக்குச் சற்று முன்னதாக அதைத் திறக்கும்படி வைத்தால், சில நாட்களில் பூனை கட்டிலை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து காத்திருக்கும். பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை பத்து, பதினைந்து நிமிடங்களாகத் தள்ளிக்கொண்டே போகலாம். பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் எழுந்ததும் சாப்பாடு வைப்பதை நிறுத்தினால் போதும். பல் தேய்த்து, காபி குடித்து, அரைமணி கழித்து வைக்கட்டும். ஆள் விழிப்பதும் தட்டு நிறைவதும் இரண்டு வேறு சங்கதிகள் என்று பூனைக்குப் புரிய வேண்டும்.

இரவு படுக்கும் முன் செய்யவேண்டியது இதைவிட இன்பமான வேலை. காட்டில் பூனையின் ஒழுங்கு வேட்டையாடு, தின், உடம்பை நக்கிச் சுத்தம் செய், தூங்கு என்பது. அதையே வீட்டில் நடத்திக் காட்டலாம். ஒரு குச்சியில் கயிறு கட்டி, நுனியில் இறகோ துணித் துண்டோ முடிந்து, எலி ஓடுவதுபோல் சோபாவுக்கு அடியிலும் கதவிடுக்கிலும் இழுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட வேண்டும். இடையிடையே அதைப் பிடிக்க விட வேண்டும். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமில்லை என்பதால், முடிவில் ஒரு பொம்மையையோ தின்பண்டத்தையோ கையில் கிடைக்கச் செய்வது நல்லது. விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும். பிறகு அன்றைய கடைசி உணவு. அது நாளின் மொத்த அளவிலிருந்து ஒதுக்கியதாக இருக்கட்டும், கூடுதலாகப் போட்டால் எடை ஏறும். தூங்குமுன் கிண்ணத்தில் பால் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வயிறு கலங்கி நடுநிசியில் அதுவே எழுப்பும்.

விளையாட்டு வேட்டை வெறியைத் தணிக்குமா என்ற ஐயத்துக்கு எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வு பதில் தருகிறது. வெளியே போய்வரும் பூனைகளோடு தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடியபோது, அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் 36 சதவீதம்.

பகலையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் பூனைக்குத் தூங்குவதைத் தவிர வேலையில்லை. சன்னலோரம் ஏறி உட்காரப் பலகை, தீவனத்தை நாலைந்து இடங்களில் ஒளித்துவைத்துத் தேடச் செய்வது, மாலையில் வீடு திரும்பியதும் சிறிது நேரம் விளையாட்டு ஆகியவை தூக்கத்தை இரவுக்கு நகர்த்தும். இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. இரவு முழுவதும் எரியும் விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்காகப் பூனை சுவரில் தாவிக்கொண்டே இருக்கும். விளக்கை அணைத்தாலே சில வீடுகளில் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

படுக்கையறைக் கதவைச் சாத்துவது கொடுமையில்லை. தண்ணீர், மணல் தட்டு, மெத்தென்ற படுக்கை மூன்றும் வெளியே இருந்தால் பூனைக்குக் குறையொன்றுமில்லை. சாத்திய முதல் நாட்களில் அது கதவைப் பிறாண்டும். முன்னைவிட அதிகமாகக் கத்தும். தைரியம் இழக்கும் இடம் இதுதான். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போகும்போது எந்த உயிரும் இன்னும் வேகமாக முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் கதவைத் திறந்தால், இவ்வளவு கத்தினால்தான் திறக்கும் என்று பாடம் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். தண்ணீரைப் பீய்ச்சுவது, அடிப்பது, இருட்டறையில் பூட்டிவைப்பது எதுவும் வேண்டாம். பயந்த பூனை ஒளிந்துகொள்ளும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும். வீட்டாரை நம்பாமல் போகும்.

பொறுமை காட்டக்கூடாத இரவுகளும் உண்டு. மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து, முக்கி முக்கிக் கத்தும் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கருத்தடை செய்யாத பெண் பூனை பருவத்தில் இரவெல்லாம் ஓலமிடுவதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது. பகல் வெளிச்சம் ஆண்டு முழுவதும் நீண்டிருக்கும் நம் ஊரில் அந்தப் பருவம் அடிக்கடி திரும்பி வரும். அறுவை சிகிச்சையே தீர்வு.

பத்து வயது தாண்டிய பூனை இதுவரை இல்லாத வழக்கமாக நள்ளிரவில் கத்தத் தொடங்கினால், அதைக் கெட்ட பழக்கமாக எடுத்துக்கொண்டு புறக்கணிப்பது தவறு. தைராய்டு அதிகம் சுரப்பது, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி, காது மந்தம், மூளைத் தளர்ச்சி எதுவும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. மூளை தளர்ந்த பூனைக்கு இருட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கூடத்தில் ஒரு சிறு விளக்கும், எட்டும் உயரத்தில் படுக்கையும், இடம் மாறாத மணல் தட்டும் அதற்கு ஆறுதல். கால்நடை மருத்துவமனையின் மேசையில் ஏற்றியதும் பெரும்பாலான பூனைகள் வாயே திறக்காது. ஆகவே இரவில் அது கத்துவதையும் நடப்பதையும் கைப்பேசியில் படம்பிடித்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், இரத்தப் பரிசோதனையில் எதைத் தேடுவது என்று முடிவுசெய்ய மருத்துவருக்கு எளிதாக இருக்கும்.