மண்ணைத் திருப்பிக் கொட்டினால் நிலமாகிவிடுமா?

2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், என்எல்சி சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பச்சை நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அப்போது நடந்த விவாதமெல்லாம் இழப்பீடு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்பதைச் சுற்றியே இருந்தது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நிலக்கரி எடுத்து முடித்த பிறகு அந்த மண் மறுபடி விளையுமா?

நான் வேலை பார்க்கும் ஜெர்மனியிலும் நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரிதான். கொலோன் நகருக்கு மேற்கே இருக்கும் ஹம்பாக் சுரங்கம் சுமார் 400 மீட்டர் ஆழம். தோண்டிய நிலத்தை மறுபடி பயன்படும்படி ஆக்கித் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால்தான் மண் என்பது என்ன என்று புரியும்.

ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம். உளுந்து வேர் முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குப் பிடித்துத் தருவதும், இலைதழையை மக்க வைப்பதும் இவைதான். வேர்ப்பூஞ்சைகள் நூல் போலப் படர்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டு வருகின்றன. இதில் பெரும்பகுதி நடப்பது மேல்மண்ணில், அதாவது முதல் ஓரடிக்குள்.

சுரங்கம் தோண்டும்போது முதலில் போவது அந்த ஓரடிதான். மண்ணை அள்ளும்போதே பூஞ்சை நூல்கள் அறுந்துபோகும். மலை மாதிரி குவித்து வைத்தால் அடியில் காற்று போகாது. காற்று வேண்டிய உயிர்கள் செத்துப்போகும். வருஷக்கணக்கில் செடி இல்லாமல் கிடந்தால் வேரை நம்பி வாழும் பூஞ்சைகளுக்கும் சாப்பாடு கிடையாது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்த மாதிரிதான். வெளியே பார்த்தால் அதே டிஸ்க், உள்ளே ஒன்றும் இருக்காது.

இன்னொரு சிக்கல், ஆழத்திலிருந்து வரும் மண். ஜெர்மனியின் கிழக்கே லாசிட்ஸ் பகுதியில் அந்த மண்ணில் பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு நிறைய. காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். அமிலத்திலேயே வாழும் ஒருவகை பாக்டீரியா இந்த வேலையை இன்னும் வேகமாக்கும். மண்ணின் பிஎச் 3 வரைகூட இறங்கும். அதில் பயிருக்கு உதவும் நுண்ணுயிர்கள் தாங்காது. பழைய சுரங்கப் பகுதிகளிலிருந்து கசியும் இரும்பால் அங்கே ஸ்ப்ரே ஆறு இன்றும் பல இடங்களில் பழுப்பாக ஓடுகிறது.

ஹம்பாக் பக்கம் என்ன செய்கிறார்கள்? வளமான மஞ்சள் வண்டலைத் தனியாக எடுத்து, சுமார் 2 மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். உடனே கோதுமை போடுவதில்லை. முதல் 3 வருஷம் குதிரைமசால். அதன் ஆழமான வேர் மண்ணைப் பிளந்து காற்றை விடும், வேர் முடிச்சு நைட்ரஜன் சேர்க்கும். இப்படி ஏழு வருஷம்போலப் பக்குவப்படுத்திய பிறகே விவசாயிகளிடம் போகிறது. ஊர்களையும் காட்டையும் அழித்தவர்கள் என்ற கெட்ட பெயர் அவர்களுக்கும் உண்டு. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் மண்ணுக்கு உயிர் வரக் காலம் வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள்.

நெய்வேலியிலும் மண்மேடுகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல விஷயம். ஆனால் பச்சையாகத் தெரிவது வேறு, நெல்லும் உளுந்தும் விளைவது வேறு. இத்தனை ஏக்கர் மீட்டோம், இத்தனை மரம் நட்டோம் என்ற கணக்கு மட்டும் போதாது. மேல்மண் தனியே சேமிக்கப்பட்டதா, எத்தனை வருஷம் குவியலில் கிடந்தது, பிஎச் என்ன, தோண்டும் முன் இருந்த நுண்ணுயிரில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேளாண் ஆய்வகம் சோதித்து, ஊர் மக்களுக்குத் தமிழில் அறிக்கை தர வேண்டும். முக்கியமாக, தோண்டும் முன்பே மண் மாதிரி எடுத்து வைக்கணும். அது இல்லாவிட்டால், பிறகு எதோடு ஒப்பிட்டு நியாயம் கேட்பது?