ஏன் மணிக்கொரு முறை எழுப்புகிறார்கள்?

தலைக்காயம், மூளையில் இரத்தக்கசிவு, மூளைக்கட்டி ஆகியவற்றுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டோரின் உறவினர்கள் செவிலியரிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "இப்போதுதான் கண்ணயர்ந்தார், அதற்குள் ஏன் எழுப்புகிறீர்கள்?" அன்பினால் எழும் இக்கேள்விக்கு விடை மண்டையோட்டின் அமைப்பிலேயே உள்ளது.

வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புக்கூடு. அதனுள் மூளைத்திசு, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் என மூன்று பொருள்கள் உள்ளன. இவற்றுள் ஒன்று மிகுந்தால் மற்றவை குறைந்தே ஆகவேண்டும். 1783இல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824இல் ஜார்ஜ் கெல்லியும் எடுத்துரைத்த இக்கருத்து இன்றும் சிகிச்சையின் அடிப்படையாக விளங்குகிறது. மூளை வீங்கத் தொடங்கும்போது, தண்டுவட நீர் சிறிது விலகி இடமளிக்கும். அந்த இடமும் தீர்ந்துவிட்டால், வீக்கம் சற்றே கூடினாலும் அழுத்தம் விரைந்து உயரும். படுத்திருக்கும் வளர்ந்தவருக்குத் தலைக்குள் அழுத்தம் பொதுவாக 15 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டுவதில்லை. அது மிகுந்து நீடித்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையும். மூளைத்திசு நிலையான பாதிப்புக்கு உள்ளாகலாம்.

இந்த உயர்வை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் நோயாளியின் நினைவு நிலையே. இயல்பான உறக்கமும் அழுத்தத்தால் வரும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இதற்காகவே 1974இல் உருவாக்கப்பட்ட கிளாஸ்கோ கோமா அளவுகோலைச் செவிலியர் பயன்படுத்துகின்றனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என முழு மதிப்பெண் 15. மிகக் குறைந்தது 3. முன்பு இருந்ததைவிட மதிப்பெண் குறைந்தால் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும். டார்ச் ஒளியில் இரு கண்பாவைகளும் ஒரே அளவில் உள்ளனவா, ஒளிபட்டதும் சுருங்குகின்றனவா என்றும் பார்க்கப்படும். இரத்த அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு குறைந்து, மூச்சு ஒழுங்கற்றுப்போவது காலம் கடந்து தோன்றும் அறிகுறி. அதுவரை காத்திராமல் இருப்பதற்கே மணிக்கணக்கில் இந்தச் சோதனை.

படுக்க வைக்கும் முறையும் மருந்தைப் போன்றதே. பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டிலின் தலைப்பகுதி ஏறத்தாழ 30 பாகை உயர்த்தப்படும். கழுத்து நேராக வைக்கப்படும். தலையிலிருந்து இரத்தம் இறங்கும் சிரைகள் கழுத்தின் இருபுறமும் செல்கின்றன. கழுத்து ஒருபுறம் சாய்ந்தாலோ மடங்கினாலோ அவை நெருக்கப்பட்டு இரத்தம் தலையிலேயே தேங்கும். வசதிக்கென்று தலையணையைக் கூட்டுவதும், கழுத்தில் கயிறோ தாயத்தோ இறுக்கிக் கட்டுவதும் கூடாது என்று செவிலியர் சொல்வது இதனால்தான்.

இருமல், முக்குதல், வலி, காய்ச்சல், நடுக்கம் ஆகியவையும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. ஆதலால் மலச்சிக்கல் வராமல் மருந்து தரப்படுகிறது. காய்ச்சல் உடனுக்குடன் தணிக்கப்படுகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரின் சளியை உறிஞ்சுமுன் கூடுதல் ஆக்சிஜன் அளித்து, ஒவ்வொரு முறையும் சில நொடிகளிலேயே அப்பணி முடிக்கப்படுகிறது. உடல் துடைத்தல், புரட்டிப் படுக்க வைத்தல், சளி எடுத்தல் ஆகியவற்றை அடுத்தடுத்துச் செய்யாமல் இடைவெளி விட்டே செய்கின்றனர். மானிட்டால் போன்ற மருந்து கொடுக்கும்போது சிறுநீர் மிகுதியாக வெளியேறும் என்பதால் அதன் அளவும் குறித்துவைக்கப்படுகிறது.

சிலருக்கு மூளை நீரை வெளியேற்ற வடிகுழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அளவுமானி நோயாளியின் காதுமட்டத்தோடு ஒப்பிட்டு நிறுத்தப்பட்டிருக்கும். கட்டிலை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நீர் அளவுக்கு மீறி வடியலாம், அல்லது வடியாமல் தேங்கலாம். எனவே செவிலியரை அழைக்காமல் கட்டிலின் உயரத்தை மாற்றவே கூடாது.

உறவினர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. ஒருவர் மட்டும் அருகில் சென்று, கையைப் பற்றி, தாழ்ந்த குரலில் பேசலாம். நோயாளி கண் திறக்காவிட்டாலும் பழகிய குரல் அவருக்குக் கேட்கக்கூடும். படுக்கையருகே அழுவதையும் கவலைக்குரிய செய்திகளைப் பேசுவதையும் தவிர்க்கவேண்டும். நாவறட்சி கண்டு மனம் பொறாமல் ஒரு மிடறு தண்ணீர்கூடப் புகட்டக்கூடாது. நினைவு தெளியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

நோயாளியின் இயல்பை நன்கறிந்தவர்கள் நீங்களே. காலையில் பெயர் சொல்லி அழைத்தவர் மாலையில் குழறுகிறார், ஒரு கை தளர்ந்துள்ளது, தலைவலி மிகுகிறது, வாந்தி எடுக்கிறார், முன்னைவிட அதிகம் தூங்குகிறார் என்று தோன்றினால், "களைப்பாக இருக்கும்" என்று விட்டுவிடாமல் அப்போதே செவிலியரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பின்னர் இவை தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.