அம்மாவின் அடுப்படியில் எப்போது கை வைக்கலாம்?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு ஓர் எண்ணம் வரும். பழைய கடப்பா கல் மேடை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், கதவில்லாத அலமாரி. “இதை இடிச்சிட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாம்மா” என்போம். “எங்க காலம் வரைக்கும் இதுவே போதும்ப்பா” என்பார் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நாம் சமையலறைக்கு எத்தனை வயதாகிறது என்று பார்க்கிறோம். அங்கே நின்று சமைப்பவரின் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

ஒருநாள் காலையில் அடுப்படியிலேயே உட்கார்ந்து கவனியுங்கள். கீழ்த்தட்டில் இருக்கும் குக்கரை எடுக்கக் குனிந்தவர், எழும்போது மேடை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாரா? பரணில் இருப்பதை எடுக்க ஸ்டூல் மேல் ஏறுகிறாரா? அஞ்சறைப் பெட்டி, எண்ணெய்த் தூக்கு, அரிசி டப்பா எல்லாம் மேடை மேலேயே குவிந்து, காய் நறுக்க ஒரு சாண் இடம்தான் மிச்சமா? அடுக்கத் தெரியாமல் அப்படி வைத்திருக்கவில்லை. குனியவும் எட்டவும் முடியாமல் போனதால்தான் எல்லாம் கைக்கருகே வந்திருக்கிறது.

இவற்றில் பாதிக்கு இடிக்கவே வேண்டாம். தினமும் புழங்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு மாற்றுங்கள். ட்யூப்லைட் முதுகுப்பக்கம் இருந்தால் அவருடைய நிழலே கத்தி மேல் விழும். மேடைக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. விளக்குப் போடுங்கள். விரல் மூட்டு வலிப்பவருக்குத் திருகும் குழாயைவிட நீளப் பிடி வைத்த குழாய் சுலபம். வயதானால் மோப்ப சக்தி குறையும், கேஸ் கசிவு சட்டென்று தெரியாது. அதனால் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் வசதியுள்ள அடுப்பு நல்லது. ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதை அவர்கள் நகர்த்த வேண்டாம், கொண்டுவருபவரே மாட்டிக் கொடுக்கட்டும்.

சரி, எப்போதுதான் இடிப்பது? மூன்று காரணங்களுக்காக இடிக்கலாம். ஒன்று, மேடையின் உயரம் பொருந்தாதபோது. நின்றபடி கையை மடக்கினால், முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான அம்மாவுக்கு 31, 32 அங்குலமே தாராளம். கடைக்காரர் காட்டும் 34 அங்குல மேடையில் அவர் தோளைத் தூக்கிக்கொண்டேதான் தோசை திருப்புவார். இரண்டு, தண்ணீர் கசிந்து தரை எப்போதும் ஈரமாக இருந்தால், அல்லது வழுக்கும் டைல்ஸாக இருந்தால். மூன்று, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஒரே பிளக்கில் இழுத்துப் போட்ட பழைய வயரிங். சுவரை உடைத்து வயர் மாற்றும்போதே, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் போட்டுவிடுங்கள்.

இந்தக் காரணங்களில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. கடுகு எங்கே, புளி எங்கே என்று அவர் கை பார்க்காமலே எடுக்கும். புது இடம் பழகச் சில மாதங்களாவது ஆகும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, நடக்கவும் புது அடுப்படியைப் பழகவும் ஒரே நேரத்தில் சொல்வது கொடுமை. ஞாபக மறதி தொடங்கியிருந்தால் பொருள்களின் இடத்தைக் கலைக்கவே கூடாது. விளக்கு, அடுப்பு, தரை என்று பாதுகாப்புக்கானதை மட்டும் மாற்றுங்கள். ஆபரேஷன் முடிந்த கையோடும், வீட்டில் துக்கம் நடந்த கையோடும் வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயாது. தை பிறந்ததும் தொடங்கலாம். அதற்கு முன் பின்கட்டிலோ தாழ்வாரத்திலோ தற்காலிக அடுப்பு தயாராக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொத்தனார் வரும் முன் அம்மா கையில் ஒரு சாக்பீஸைக் கொடுங்கள். அப்பாவும் சமைப்பவர் என்றால் அவரையும் கூப்பிடுங்கள். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, மேடை எந்த உயரம் என்று அவர்களே சுவரில் கோடு போடட்டும். கடைக்காரர் காட்டும் படத்தில் இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலை அந்தக் கோட்டின்படிதான் நடக்க வேண்டும்.