அடிநிலம் காணும் கடல்

கடலைக் கரையிலிருந்து மட்டும் அறிந்தவர்கள் ஆழத்துக்கு அஞ்சுவார்கள். பாக்கு நீரிணையிலும் அதன் தெற்கே விரியும் குடாக்கடலிலும் பாய் விரித்துப் பிழைத்தவர்களோ ஆழம் குறைவதற்கே அஞ்சினார்கள். மன்னாருக்கும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பரப்பின் பெரும்பகுதியில் ஒரு முதிர்ந்த தென்னையை நட்டால் அதன் வட்டு நீருக்கு மேலே நிற்கும். இராமர் அணையை அண்டினால் ஆள் இறங்கி நடக்கத்தக்க இடங்களும் உண்டு. இத்தகைய கடலிலே பெருங்காற்று எழும்போது, துறையை நோக்கி ஓடுவதா, துறையை விட்டு விலகி நிற்பதா என்பதே தண்டையலின் முதற் கேள்வி. கலத்தின் தலைவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுவே பெயர்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் சோழகத்துக்கு நல்ல துறைகள். குடாநாட்டின் நிலமே முதுகு கொடுத்து அலையைத் தடுத்துவிடும். வாடை பிறந்ததும் அவையே பகையாகிவிடும். கரையோரமாக நீண்டு செல்லும் முருகைக்கற் பாரிலே அலை மோதி உடையும். பாரினூடே உள்ள ஒடுங்கிய வாயிலை வான் என்பார்கள். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அந்த வானைத் தேடி வருபவன் அதனைத் தவறவிட்டால் திரும்பிப் போவது அரிது. பாய்க்கப்பல் காற்றுக்கு நேரெதிரே செல்லாதல்லவா? அதனால் வாடைக்காலத்தில், தீவுகளுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் ஊர்காவற்றுறையே அடைக்கலமாயிற்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சனின் உடைமையாகி, 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டரை அடைந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அவ்வூர் மாலுமிகள் தங்கள் வீட்டு வாசலிலேயே கற்ற இந்த வித்தையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஆழமில்லாக் கடலுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆறடி அமிழும் கலத்துக்கு ஆறடி நீர் போதாது. அலையின் உயரம் நான்கடியானால், அதன் பள்ளத்தில் கலம் ஏறக்குறைய இரண்டடி தாழும். அப்போது எட்டடி நீரிலும் அடிப்பலகை நிலத்தை முட்டும். அன்றியும், நிலம் மேலெழ எழ அலை குறுகிச் செங்குத்தாகும். ஆழ்கடலில் தூக்கித் தாலாட்டும் அதே அலை இங்கே அறைகிறது.

1961 ஆம் ஆண்டு ஆனி மாதம், பதினேழு வயதில், பேசாலையிலிருந்து கருவாடு ஏற்றிய தோணி ஒன்றிலே நானும் போனேன். சோழகம் பின்புறமாக வீசியது. காற்று வலுக்குமுன்பே பெரிய பாயை இறக்கிச் சிறியதை ஏற்றச் செய்தார் தண்டையல். வலுத்தபின் இறக்குவது யாராலும் ஆகாது என்பார். பொழுது சாய நெடுந்தீவின் கிழக்குப் பக்கத்தைக் கடந்தோம். ஊர்காவற்றுறை எட்டும் தூரத்தில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது.

“அண்ணை, இன்னும் மூண்டு மணித்தியாலம். ஓடிப்போடலாம்” என்றான் ஒருவன்.

“தண்ணியின்ர நிறம் தெரியாத நேரத்தில எங்கையடா ஓடுறது? நங்கூரத்தைப் போடு.”

இருண்ட நீலம் ஆழம், பச்சை எச்சரிக்கை, மஞ்சள் மணல்மேடு, கபிலம் பார் அல்லது பாசி. சூரியன் உச்சியிலோ முதுகிலோ இருக்கும்போதே இந்த எழுத்தை வாசிக்கலாம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினோம்: மூன்று பாகம். குண்டின் அடியிற் பூசிய கொழுப்பிலே மணல் ஒட்டி வந்தது, நங்கூரம் பிடிக்கும். தீவு தாழ்ந்ததுதான், காற்றை மறைக்கவில்லை. இரவு முழுவதும் கயிறுகள் ஊளையிட்டன. ஆனால் அலையை மறைத்தது. சோறு வடித்தோம், பானை சரியவில்லை.

விடிந்து வெயில் ஏறியபின் புறப்பட்டும், தீவுகளுக்கு நடுவே ஒரு மணல்மேட்டில் தட்டினோம். வழி மணலால் இடம் மாறியிருந்தது. உடனே பாய் விழுந்தது. அது நின்றிருந்தால் காற்று எங்களை மேட்டின்மேல் இன்னும் ஏற்றியிருக்கும். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் நாட்டிலே தட்டையான அடியுள்ள படகுகள் சேற்றில் அமர்ந்து, ஆறு மணி நேரத்தில் பெருக்கு வந்ததும் தாமே மிதக்குமாம். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் இரண்டடியைத் தாண்டுவது அரிது, காத்திருந்து பயனில்லை. சிறு நங்கூரத்தைத் துணைத்தோணியில் ஏற்றி, நாங்கள் வந்த வழியே ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதன் வடத்தைப் பின்னணியத்தில் வாங்கி ஏழுபேரும் இழுத்தோம். முன்புறத்துச் சிப்பங்களைப் பின்னுக்கு மாற்றி மறுபடியும் இழுத்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டு மணி நேரத்தின்பின் அடிப்பலகை ஒருமுறை முனகி விடுபட்டது. அந்த மேட்டில் இருட்டிலே, பாய் நிறையக் காற்றோடு ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எவரும் கேட்கவில்லை. முதல்நாள் மாலை அவசரப்பட்டவன்தான் எல்லோரிலும் கடுமையாக வடம் இழுத்தான்.

நண்பகலில் கடற்கோட்டை தெரிந்தது. தண்டையல் கீழே இறங்கிச் சிப்பங்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

“கருவாடு நனையேல்லை” என்றார்.