முதலில் மார்க் ஷீட்டை எடுத்துட்டு வா

எங்கள் நங்கநல்லூரில் ஒரு பிள்ளை கனடா போவதென்று முடிவெடுத்தால், முதல் வேலையாக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வகுப்பில் பணம் கட்டிவிடுகிறான். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை என்பதால் பேச்சுத் தேர்வுப் பயிற்சிக்கு என்னைத் தேடியும் வருகிறார்கள். "இங்கிலீஷ் இருக்கட்டும். முதல்ல மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு வா" என்றுதான் சொல்வேன்.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். நம் படிப்பு அங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் இசிஏ அறிக்கை 5 ஆண்டு செல்லும். தேர்வை முதலில் எழுதிவிட்டால், அந்த அறிக்கைக்கான சான்றிதழ்களுக்கு அலையும் மாதங்களிலேயே அதன் ஆயுள் குறைந்துகொண்டு வரும்.

மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்ச் சிக்கல் உடனே தெரிந்துவிடும். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் அங்கே 'கார்த்திக் சுப்பிரமணியன்'. டொரண்டோவில் கோப்பைப் பார்ப்பவருக்கு அந்த 'எஸ்' அப்பாவின் பெயர் என்று எப்படித் தெரியும்? இருவரும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு அஃபிடவிட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்குத் திருமணச் சான்றிதழும் வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். வெஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்புக்கு அதைப் பல்கலைக்கழகம்தான் நேரடியாக அனுப்ப வேண்டும், நாம் அனுப்பும் நகல் செல்லாது. அண்ணா பல்கலைக்கழகம் என்றால் கிண்டி, பக்கம்தான். சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கிச் சேப்பாக்கம் போக வேண்டும். பி.காம்., பி.எஸ்ஸி. படித்தவர்கள் அறிக்கையில் 'மூன்றாண்டு' என்று வந்தால் கலங்கிப்போகிறார்கள். தேவையில்லை. கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளிக்கணக்கில் மூன்றாண்டுப் பட்டத்துக்கும் நான்காண்டுப் பட்டத்துக்கும் ஒரே புள்ளிதான்.

இதெல்லாம் கிளம்பிய பிறகு ஆங்கிலத்துக்கு வருவோம். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுப்பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் திணறுவது இங்கேதான். அடிக்கடி போகும் இடத்தைப் பற்றிப் பேசு என்றேன் ஒரு பையனிடம். "பெரிய ஆஞ்சநேயர் கோயில், சனிக்கிழமை போவேன், அமைதியாக இருக்கும்" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். யாரோடு போவாய், கூட்டம் எப்படி இருக்கும், 32 அடி விக்ரகத்தைச் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்தபோது என்ன தோன்றியது என்று கேட்கக் கேட்கத்தான் பேச்சு நீண்டது. இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி உட்கார் என்று வகுப்பறையில் நாங்கள் பழக்கியதுதான் அது.

எல்லா நாட்டுக்கும் இதே வழி என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனுக்கு வேலை விசாவில் போகிறவர், தன் பட்டம் அங்குள்ள இளநிலைப் பட்டத்துக்குச் சமம், ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது என்று எக்டிஸ் அமைப்பிடம் சான்று பெற்றால் மொழித் தேர்வே எழுத வேண்டாம். தேர்வுக்கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜெர்மனிக்கு, உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, அங்கீகாரம் உண்டு என்பதற்கான எச் ப்ளஸ் குறி இருக்கிறதா என அனபின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கணவரிடம் சேரப் போகும் பெண்கள் பலர் பழவந்தாங்கலில் ரயிலேறி, நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனுக்கு ஏ1 ஜெர்மன் மொழித் தேர்வெழுதப் போகிறார்கள். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கணவர் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் இருந்தால் மனைவியின் விசாவுக்கு அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த அனுமதியில் இருக்கிறார் என்று அவரிடம் முதலில் ஒரு போன் போட்டுக் கேளும்மா என்கிறேன்.