பின்சக்கரம் தள்ளிய காலம் – 9: ஹெரால்டு கால் மடக்கிய கதை

போன வாரம் அம்பாசிடரின் கிரவுன் பினியனோடு நிறுத்தினோம். அனுமந்தை உப்புக்காற்றில் எந்த வண்டியின் அடிப்பாகம் முதலில் அரிக்கும் என்பது இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த சங்கதி. அதற்குள் ஹெரால்டின் பின்சக்கரம் குறுக்கே வந்துவிட்டது.

அம்பாசிடருக்குத் தனி சேஸி கிடையாது. ஹெரால்டுக்கு உண்டு, இரும்புச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கிய தகடுகள்தான் பாடி. 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் ஏன் பழைய பாணிக்குத் திரும்பியது? ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அதை 1953-இல் பி.எம்.சி. வாங்கிப் போட்டுக்கொண்டது. முழு பாடிக்கு வழியில்லாமல், துண்டு துண்டாக வெளியே வாங்கிப் பூட்ட ஒரு சேஸி வேண்டியிருந்தது. அந்த பி.எம்.சி. யார்? மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் சொந்தக்காரர்கள். நம் அம்பாசிடர் அந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையேதான்! ஆக, 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்கு சேஸி வந்ததே அம்பாசிடரின் பிறந்த வீட்டார் செய்த கைங்கரியம். இது தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிஃபரன்ஷியலையும் அந்த சேஸியிலேயே பூட்டினார்கள். இரு பக்கமும் தனித்தனி ஆக்சில், உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ், மேலே குறுக்காக ஒரு ஸ்பிரிங் பட்டை. சக்கரம் ஏறி இறங்கும்போதே சாயவும் செய்யும்.

“ஜாக்கி போட்டுத் தூக்கி இறக்கிப் பாருங்க சார். ரெண்டு சக்கரமும் அடியில மடக்கிக்கிட்டு நிக்கும். நாலடி உருட்டினாத்தான் நேராவும்” என்றார் அனுமந்தையில் ஈ.சி.ஆர். ஓரம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். ஆனாலும் ஹெரால்டு என்றால் அவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மிக்கெலோட்டி வரைந்த உருவம் வேறு.

ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் கதை தலைகீழ். உப்பு மூட்டை சுமப்பவர் காலை அகட்டுவதுபோல் சக்கரங்கள் அடியில் விரியும். டயரின் உள்விளிம்பு தேயும். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் மடங்கி, வண்டி வாலை வீசும். அம்பாசிடரில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே ஹவுசிங்குக்குள் நேர் ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டை. எட்டுப் பேர் ஏறினாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலதுபுறம் இருப்பவருக்கும் இடுப்பு நோகும், அவ்வளவுதான்.

தீர்ப்பை ஸ்டாண்டர்டுக்காரர்களே எழுதிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அவர்களுடைய கெஸல் காரில் ஹெரால்டின் அதே 948 சி.சி. இன்ஜின், பின்னால் மட்டும் நேர் ஆக்சில். கெஸல் 1977-இல் நின்றது. அம்பாசிடர் அதே நேர் ஆக்சிலோடு 2014 வரை ஓடியது. என்னைக் கேட்டால், தனியாக ஓட்டிப் போக ஹெரால்டு, குடும்பத்தோடு போக அம்பாசிடர்.

உப்பு அடுத்த வாரம். மரக்காணம் பக்கம் யார் வீட்டிலாவது ஹெரால்டு நின்றால், டிக்கிக்கு அடியில் சேஸியின் பின்முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து எழுதுங்கள்.