மருத்துவ வாயிலும் கணித வாயிலும்: பண்டத்தரிப்பிலிருந்து அறிமுறை இரசாயனவியலுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பண்டத்தரிப்பில் இரசாயனவியலை விரும்பிக் கற்கும் மாணவர் ஒருவரை நாம் எங்கே காண்போம்? பெரும்பாலும் க. பொ. த. உயர்தர உயிரியற் பிரிவிலேயே காண்போம். உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் கற்று மருத்துவபீடத்தை எதிர்நோக்கியிருப்பார். சாதாரணதரப் பரீட்சையோடு கணிதம் அவரிடம் விடைபெற்றிருக்கும். அவரே பின்னொரு காலத்தில் அறிமுறை இரசாயனவியலை (தமிழகத்தார் இதனைக் கோட்பாட்டு வேதியியல் என்பர்) வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழைவாராயின், அவ்வழி தமது பதினாறாவது வயதிலேயே பாதி அடைபட்டுவிட்டதை உணர்வார். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அத்துறை எத்தகையது, அதனுட் புகுவோர் எவ்வழியே செல்லவேண்டியுள்ளது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பண்டத்தரிப்பை எடுத்துக்கொண்டமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் இங்கு தங்கியே தமது மேனாட்டு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியாவார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது மொழிபெயர்ப்பு முயற்சியின் விளைவாக 1875இல் வெளிவந்த இரசாயன நூல் 'கெமிஸ்தம்'. உடற்கூற்றுக்கும் இரண வைத்தியத்துக்கும் நூல் செய்தவர், மருத்துவக் கல்வியின் மற்றோர் அங்கமாகவே இதனையும் செய்தார். அந்நூல் வெளிவந்து 22 ஆண்டுகள் கழிந்த பின்னரே இலத்திரன் கண்டறியப்பட்டது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

கணிதம் எம்மிடையே வந்த வழி வேறு. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் அது வானசாத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இல் வெளிவந்தது. கணித நூலுக்கும் இரசாயன நூலுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகள் பெரிதல்ல. அவ்விரண்டும் ஒரே மாணவனின் கையிற் சேர்ந்திருக்கவேண்டிய நூல்கள் என்று எவரும் கருதவில்லை என்பதே பெரிது. அக்காலத்தில் அவ்வாறு கருதுவதற்கு விஞ்ஞானக் காரணமும் இருக்கவில்லை. காரணம் தோன்றிய பின்னரும் நாம் கருதவில்லை என்பதே எமது குறை.

அக்காரணம் 1920களில் தோன்றியது. சத்திச்சொட்டுப் பொறிமுறை, அதாவது குவாண்டம் பொறிமுறை, உருவாகியதும் இரசாயனப் பிணைப்பு என்பது இலத்திரன்களின் நடத்தை பற்றிய ஒரு சமன்பாட்டின் விளைவெனத் தெளிவாயிற்று. 1927இல் ஹைட்லரும் லண்டனும் ஐதரசன் மூலக்கூற்றை அவ்வாறு விளக்கினர். இரண்டு ஐதரசன் அணுக்கள் ஏன் சேர்கின்றன என்னும் வினாவுக்கு அதுவரை 'சேர்கின்றன' என்பதே விடையாக இருந்தது. அவர்களது முறை பிணைப்புச் சக்தியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தருவதாயினும், வினாவின் தன்மையையே அது மாற்றிவிட்டது. இரசாயனத்தின் அடிப்படை விதிகள் யாவும் அறியப்பட்டுவிட்டன, அவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பதே இடர் என 1929இல் டிராக் கருத்துரைத்தார்.

அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர் எம்மவரான கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001). அவர் கணிதவியலாளரேயன்றி இரசாயனவியலாளர் அல்லர். எனினும் அவரது 1943ஆம் ஆண்டுக் கட்டுரை ஐதரசன் அணுவைப் பற்றியது. பழைய மின்காந்தக் கொள்கையின்படி, கருவைச் சுற்றும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியிழந்து கணப்பொழுதிற் கருவுள் வீழ்ந்துவிடவேண்டும். கதிர்வீசலின் எதிர்விளைவையும் உட்கொண்டு டிராக் 1938இல் அமைத்த சமன்பாட்டைப் பயன்படுத்தி, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் வரும் இலத்திரனுக்கு என்ன நேரும் என எலியேசர் கணித்தார். விடை வியப்பானது: இலத்திரன் புரோத்தனை அடைவதேயில்லை, இடையில் நின்று, திரும்பி, மேன்மேலும் வேகம் பெற்று அப்பால் ஓடிவிடுகின்றது. இயற்கையில் இவ்வாறு நிகழ்வதில்லை. அச்சமன்பாடு எங்கே பிழைக்கின்றது என்பதைக் காட்டியதே அம்முடிபின் பயன். ஆய்வுகூடம் எதுவுமின்றித் தாளும் எழுதுகோலும் கொண்டு அணுவைப் பற்றிச் சொல்லக்கூடியது இத்துணை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை. எலியேசர் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், மலாயாவிலும், அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார். கணித வாயிலால் அணுவுக்குச் சென்ற ஒருவர் எம்மிடையே இருந்தார். அவ்வாயிலால் மூலக்கூறுக்குச் செல்ல எம் மாணவரை நாம் ஆற்றுப்படுத்தவில்லை.

இன்று தாளும் எழுதுகோலும் போதா, கணனி வேண்டும். ஆயினும் கணனி மட்டும் போதும் என எண்ணுவதும் தவறு. மூலக்கூற்றின் பருமன் இருமடங்கானால், எளிய முறையொன்றில் கணிப்பு வேலை கொள்கையளவிற் பதினாறு மடங்காகும். மிகத் திருத்தமான முறையெனப் போற்றப்படும் ஒன்றில் 128 மடங்காகும். எனவே எதனைப் புறக்கணிக்கலாம், எதனைப் புறக்கணிக்கலாகாது என்று துணியும் அறிவே இத்துறையின் உயிர்நாடி. 1998இல் இரசாயனவியல் நோபெல் பரிசு பெற்ற இருவருள் வால்டர் கோன் பௌதிகவியலாளர். ஜோன் போப்பிள் கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2013இல் காப்ளஸ், லெவிற், வார்ஷெல் ஆகிய மூவர் பெற்ற பரிசோ நொதியங்கள் போன்ற பெரும் மூலக்கூறுகளைக் கணனியில் ஆராய வழிகண்டமைக்காக வழங்கப்பட்டது. மருத்துவத்துக்கு வேண்டிய இரசாயனம் இப்பொழுது கணிதத்தின் வழியாகவும் வருகின்றது என்பதை எமது பெற்றோர் அறிவது நன்று.

தொழில்வழியைப் பொறுத்தவரை, இலங்கையில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமே முதற்படி. நல்ல சித்தி பெற்றோர் தகுதிகாண் விரிவுரையாளராக அமர்ந்து, பின் கலாநிதிப் பட்டத்துக்காகப் பிறநாடு செல்வதுண்டு. வேறு சிலர் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் உதவித்தொகை பெற்று நேரே செல்வர். அதன்பின் சில ஆண்டுகள் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு. தமிழகத்தின் என். சத்தியமூர்த்தி இவ்வழியே சென்றவர்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவின் ஒக்லகோமாவிற் கலாநிதிப் பட்டம் பெற்று, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கற்பித்து, 2007இல் மொகாலியில் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர். ஹீலியம் அணுவும் ஐதரசன் மூலக்கூற்று அயனும் மோதும்போது நிகழ்வதைக் கணித்தல் அவரது ஆய்வுகளுள் ஒன்று. எல்லோர்க்கும் இவ்வாறு வாய்ப்பதில்லை. உலகெங்கும் இத்துறையிற் பதவிகள் சில, விண்ணப்பிப்போர் பலர். முப்பது வயது கடந்தும் நிலையான ஊழியமின்றி நாடுவிட்டு நாடு செல்லும் ஆய்வாளரின் நிலையை, வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய மத்தியதரக் குடும்பத்துப் பிள்ளைக்கு மறைத்துரைப்பது நேர்மையாகாது.

எம்மிடத்து மேலுமொரு தடை உண்டு. 1970களின் தரப்படுத்தல் மருத்துவ, பொறியியற் பீட அனுமதியை ஒரு சமூகத்தின் மானப் பிரச்சினையாக்கிய பின்னர், விஞ்ஞானபீடம் என்பது அவை கிடைக்காதவர் செல்லுமிடம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞானக் கல்வி முதலில் வட்டுக்கோட்டையில், பண்டத்தரிப்புக்கு அண்மையிலேயே நடைபெற்றது. எனினும் அந்த அண்மை அவ்வெண்ணத்தை மாற்றவில்லை.

உயிரியற் பிரிவிலிருந்து வந்த மாணவர் என்ன செய்யலாம்? பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே வகையீட்டுச் சமன்பாடுகளையும் தாயங்களையும் நிகழ்தகவையும் பாடமாகவோ, அன்றித் தாமாகவோ கற்கத் தொடங்குதல் வேண்டும். மூன்றாமாண்டிற் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோர் பெரிதும் இடர்ப்படுவர். தமிழிற் கற்ற தாயத்தையும் காவியையும் ஆங்கிலப் பெயர்களோடு பொருத்திக்கொள்வதற்குச் சில வாரங்கள் போதும். கணிதமே கல்லாதவிடத்து ஆங்கிலம் உதவாது. இலவசமாகக் கிடைக்கும் கணிப்பு மென்பொருள்கள் சாதாரண மடிக்கணனியிலும் இயங்குகின்றன. 1927இல் ஹைட்லரும் லண்டனும் எடுத்துக்கொண்ட அதே ஐதரசன் மூலக்கூற்றைப் பண்டத்தரிப்பிலுள்ள வீடொன்றிலிருந்து சில வினாடிகளிற் கணிக்கலாம். வரும் எண் பரிசோதனையின் எண்ணோடு ஏன் பொருந்தவில்லை என்று அம்மாணவர் கேட்கும்போது அவருடைய படிப்புத் தொடங்குகின்றது.